அம்மா பேருக்கு நீட்டிய கை

என்னைப் பார்த்தால் எழுபத்திரண்டு வயது சொல்லலாம் போலிருக்கிறது. கிளினிக்கில் பிரஷர் பார்த்த தாதி அப்படித்தான் நம்பினார். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு. எழுபத்திரண்டு என் அம்மாவுக்கு.

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனதும் நான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்திவிட்டேன். அண்ணன்மார் இரண்டு பேரும் கொழும்பில். ஞாயிறு தவறாமல் போன் வரும். "அம்மாவ நல்லாப் பாத்துக்கம்மா" என்பார் பெரியவர். ஆமாம், நீங்கள் சொல்லாவிட்டால் ஆற்றில் போட்டிருப்பேன் என்று வாய்வரை வரும். "சரிண்ணே" என்று வைத்துவிடுவேன். புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், துடைக்க வேண்டும், பீத்துணி அலச வேண்டும், ஊட்ட வேண்டும், ஊட்டியதைத் துப்பினால் திரும்ப ஊட்ட வேண்டும். என் இடுப்பு விட்டுப்போயிற்று. பின்மண்டையில் ஓயாத வலி. அதை யாரிடம் சொல்ல? அம்மாவிடமா? வாய் ஒரு பக்கம் கோணியதே தவிர அவள் பேச்சு நிற்கவில்லை. "படுத்திருக்கிறது நானு. நீ எதுக்குடி மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு அலையுற?" என்பாள்.

மடுல்சீமைப் பக்கம் மேட்டில் இருக்கிறது எங்கள் லயம், தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றையறைக் காம்பராக்கள். பஸ் வரும் ரோட்டுக்குப் போக உடைந்த கல்படிகளில் வெகுதூரம் இறங்க வேண்டும். முதல் தடவை கிளினிக்குக்குப் போக அம்மாவைக் கதிரையில் உட்கார வைத்து, சேலையால் கட்டி, பக்கத்துக் காம்பரா ஆட்கள் நாலு பேர் தூக்கி இறங்கினார்கள். பாதிப் படியில் அம்மா மூத்திரம் போய்விட்டாள். முன்னால் தூக்கியவரின் தோளில் வழிந்தது. அவர் தோளை மாற்றாமல் இறங்கினார்.  வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"இனிமே என்னையக் கீழ கொண்டு போகாத. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அதன்பிறகு பிரஷரும் மருந்தும் எழுதும் அம்மாவின் கிளினிக் கொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு நான் போவேன். இரண்டு தடவை மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் தடவை, அடுத்த முறை நோயாளியைக் கூட்டி வராவிட்டால் மருந்து இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆளையே பார்க்காமல் எப்படி மருந்து எழுதுவது?

அடுத்த மாதம் அங்கே புதிதாக ஒரு தாதி, சிங்களவர். அம்மா பேரைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சலாம் என்றுதான் எழுந்து போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் உட்காரச் சொல்லி, என் கையில் பிரஷர்ப் பட்டியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வெறுங்கையோடு அனுப்புவார்கள், அம்மாவை மறுபடி கதிரையில் கட்ட வேண்டும். வாயை மூடிக்கொண்டு கையை நன்றாக நீட்டினேன். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"பிரஷர் ரொம்பக் கூட இருக்கு அம்மா. உப்பு வாணாம். யோசிக்க வாணாம். ரெஸ்ட் எடுங்க" என்றார்.

அடக் கடவுளே, ரெஸ்ட்! எத்தனை வருஷத்தில் ஒரு மனுஷி என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில் ஒரு மாத்திரை என்றிருந்ததை டாக்டர் இரண்டாக்கி எழுதினார். நான் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு இரண்டு மாத்திரை கொடுத்தேன்.

உனக்குப் புத்தி எங்கே போனது என்று கேட்பீர்கள். கொப்பியில் எழுதிய பிரஷர் என்னுடையது என்று எனக்குத் தெரியாமலா? தெரியும். ஆனால் அம்மா கொப்பியில் டாக்டர் எழுதியது அம்மாவுக்கான மருந்து என்றே மனம் எடுத்துக்கொண்டது. டாக்டர் எழுதியதை மாற்ற நான் யார்? அடுத்த மாதமும் கையை நீட்டினேன். மாத்திரை போனது அம்மாவின் வயிற்றுக்குள், என் பிரஷர் எப்படி இறங்கும்? இன்னொரு மாத்திரை கூடியது.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா அடங்கிப்போனாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை "ஏய், இங்க வா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தவள் எந்நேரமும் தூங்கிக் கிடந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நாட்களில்தான் நான் உட்கார்ந்து சோறு தின்றேன். சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று விளக்குக்கூட ஏற்றினேன்.

ஒரு காலையில் தேத்தண்ணி கொடுக்க அவளைத் தூக்கி உட்கார வைத்தேன். கண் மேலே செருகியது. என் பிடியிலிருந்து நழுவி, கட்டில் சட்டத்தில் மண்டை மோத விழுந்தாள். சத்தியமாவது மண்ணாவது, தோட்டத்து லொறியில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு டாக்டரம்மா, தமிழ்ப் பிள்ளை. அம்மாவுக்குப் பிரஷர் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், மறுபடியும் அம்மாவைப் பார்த்தார்.

"போன மாசம் பிரஷர் இவ்வளவு கூட இருந்திருக்கு. இப்ப இப்பிடி எறங்கிக் கெடக்கு. எப்பிடிம்மா?"

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கொப்பியை நம்பி அதே மருந்தைத் திரும்ப எழுதிவிடுவாரோ என்று பயம் வந்துவிட்டது.

"அது என் கைங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டட்டும் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. பட்டியை எடுத்து என் கையில் சுற்றினார். பார்த்துவிட்டு, "உங்க கொப்பி எங்கம்மா?" என்றார்.

"எனக்குக் கொப்பி இல்லீங்க."

கண்ணை மூடிக் கிடந்த அம்மா அத்தனையையும் கேட்டிருக்கிறாள். டாக்டர் அந்தப் பக்கம் போனதும், "அந்த மாத்திரைய நீ முழுங்கித் தொலைச்சிருக்கலாமுல்ல, மூதேவி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன், வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேன். அவள் நல்ல கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மண்டைக்குள் இரத்தம் கசிந்திருந்ததாம். ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

சாவு வீட்டில் பெரியண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எங்க தங்கச்சி பாத்த மாதிரி யாரும் அம்மாவப் பாத்திருக்க முடியாது" என்று எல்லாரிடமும் சொன்னார். கதிரை தூக்கியவரும் தலையை ஆட்டினார். நான் கிளினிக்கில் இருந்த மாதிரியே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு போன் இன்னும் வருகிறது. "ஒடம்பப் பாத்துக்கம்மா" என்கிறார் இப்போது. "சரிண்ணே" என்று வைத்துவிடுகிறேன். என் பேரில் ஒரு கொப்பி இருக்கிறது. அதே வெள்ளை மாத்திரைதான், காலையில் இரண்டு. விழுங்கித் தொலைக்கிறேன்.