ஓட்டு வாங்கியவருக்கு ஓட்டத் தெரியாது

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பிரேக்கக்காவிடம் கற்றுக்கொண்டவர்கள். அவளுடைய டிரைவிங் ஸ்கூல் காரில், கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் வைத்த காலை அவள் லேசில் எடுக்க மாட்டாள். "நான் ஏற்கெனவே ஓட்டுவேன்க்கா" என்று சொல்லிக்கொண்டு ஏறுகிறவர்களைக் கண்டால் சீட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளிப் போட்டுக்கொள்வாள். பெயர் அப்படி வந்ததுதான்.

தேர்தலில் புதுத் தலைவர் ஜெயித்தபோது ஊருக்கே தலைகால் புரியவில்லை. பிரேக்கக்காவின் புருஷனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். போட்டோவுக்கு ஃப்ரேம் போடும் கடை வைத்திருந்த மனுஷன், தலைவர் படத்துக்குத் தங்கக்கலர் ஃப்ரேம் போட்டு வீட்டு ஹாலிலேயே மாட்டிவிட்டார்.

"இங்க இருந்த நம்ம கல்யாண போட்டோ எங்கங்க?"

"பெட்ரூம்ல மாட்டிட்டேன். அதை நாம ரெண்டு பேர்தானே பாக்கணும்?"

அவள் தலைவருக்கு ஓட்டுப் போடவில்லை. அதை மறைக்கவும் இல்லை. "பேச்சு நல்லாத்தான் இருக்கு. முடிஞ்சப்புறம் என்ன சொன்னார்னு யோசிச்சா ஒண்ணும் நிக்க மாட்டேங்குது."

"நிக்காட்டி என்ன? உடம்பு சிலிர்த்துச்சா இல்லையா?"

"சிலிர்த்துச்சு. அதான் பயமா இருக்கு."

பதவியேற்ற அன்று மாலைக் கூட்டத்தில் தலைவர் ஒரு போடு போட்டார். "அடுத்த மாசத்துல இருந்து எனக்கு முன்னால பின்னால ஒரு காரும் வராது. டிரைவரும் கிடையாது. உங்களை மாதிரி நானே என் வண்டிய ஓட்டிக்கிட்டு ஆபீசுக்கு வருவேன்!" கைத்தட்டலில் காது அடைத்தது.

அந்த வாரமே தலைவரின் செயலாளர் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தார். கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

"மேடம், விஷயம் வெளியில போகக்கூடாது. ஐயாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

பிரேக்கக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள். விக்கல்தான் வந்தது. செயலாளரே தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

"ஓட்டு வாங்கத் தெரிஞ்சவருக்கு ஓட்டத் தெரியாதா? அப்புறம் ஏன் சார் அப்படிச் சொன்னாரு?"

"கூட்டம் கை தட்டிக்கிட்டே இருந்துச்சு மேடம். அந்த வேகத்துல வாயில வந்துருச்சு."

ஊருக்கு வெளியே ஒரு மூடிப்போன குடோனின் முற்றத்தில் விடியற்காலை வகுப்பு தொடங்கியது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் சுற்றிய துணி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தலைவர் சிரித்தார். படத்தில் பார்த்ததைவிட நேரில் இன்னும் அம்சமாக இருந்தது அந்தச் சிரிப்பு.

"டீச்சரம்மா, இனி என் உயிர் உங்க கையிலதான்."

"கையில இல்லீங்க, கால்ல. கிளட்ச மெதுவா விடுங்க."

கார் தவளை மாதிரி நாலு குதி குதித்து நின்றது. தலைவர் அசரவில்லை. "இந்த கிளட்ச் இருக்கே, இது மக்களுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவுல..." என்று ஆரம்பித்தார்.

"ஐயா, பேசும்போது உங்க கால் தானா ஆடுது. பேச்சை அப்புறம் வச்சுக்கலாம்."

பேசாமல் ஓட்ட அவரால் முடியவில்லை. அவர் பேசினால் சிரிக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. நகைச்சுவையாக ஏதாவது சொல்லி, அவள் சிரித்து முடிப்பதற்குள் கார் சுவர்ப்பக்கம் போயிருக்கும். 'இந்த ஆள்கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்' என்று தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

ஒருநாள் அவர் கேட்டேவிட்டார். "டீச்சரம்மா, எனக்குத்தானே ஓட்டுப் போட்டீங்க?"

"இல்லீங்க."

கார் பொட்டென்று நின்றது. அவள் காலை அசைக்கவே இல்லை, நிறுத்தியது அவர்தான்.

"ஏன்?"

"எல்லாம் செய்வேன் செய்வேன்னீங்க. எப்படின்னு ஒரு வார்த்தை சொல்லலையே?"

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "எப்படின்னு எனக்கே இன்னும் முழுசாத் தெரியல" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தவளுக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. ஊரே ஏன் இந்த மனுஷனிடம் விழுந்தது என்று அன்றுதான் அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் கவலை இன்னும் அதிகமாயிற்று.

மாதக் கடைசியில் கடைத்தெருவில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவர் அடம்பிடித்தார். இன்னும் ஆகவில்லை என்று அவள் சொன்னது எடுபடவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு தெருமுனை வரைக்கும் நன்றாகத்தான் வந்தார். அங்கே ஒரு பழக்காரம்மா உற்றுப் பார்த்து, "ஐயோ, நம்ம தலைவர்!" என்று கத்தினாள். அவ்வளவுதான். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

ஸ்டியரிங்கை யாரும் பிடிக்கவில்லை. பிரேக்கக்கா எட்டிப் பிடித்து, பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தாள். அப்படியும் கார் ஊர்ந்துபோய், மெத்தைக்கடை வாசலில் அடுக்கியிருந்த மெத்தைகளில் மெத்தென்று முட்டியது. ஒரு நொடி ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அடுக்கு மொத்தமும் சாவகாசமாகச் சாய்ந்து கார்மேல் விழுந்தது.

"நம்மளப் பாக்கத்தான் தலைவர் வண்டிய நிறுத்திட்டாரு!" என்று யாரோ கத்த, தெருவே திரண்டுவிட்டது. தலைவர் எப்படியோ வெளியே நெளிந்து வந்து ஒரு மெத்தைமேல் ஏறினார். அது அமுங்கியதில் தள்ளாடினார். அதற்கும் கைத்தட்டல்.

"நண்பர்களே! ஒரு உண்மையைச் சொல்லணும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது!"

இடி விழுந்த மாதிரி ஆரவாரம். பிரேக்கக்கா மெத்தை இடுக்கு வழியாக வாயைப் பிளந்து பார்த்தாள். ஓட்டுவேன் என்றபோது தட்டினார்கள். தெரியாது என்றாலும் தட்டுகிறார்களே! குனிந்து பார்த்தால், அவளுடைய கையும் தட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் வந்த சிரிப்பில் கண்ணீர் வழிந்து முந்தானை நனைந்தது.

கூட்டத்தின் முன்வரிசையில் தொண்டை கிழியக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தவர் அவள் புருஷன். மெத்தைக்கு அடியில் தன் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கோஷம் பாதியில் நின்றது.

"நீயா? உள்ள என்ன பண்ற?"

"வேலை பாக்கறேங்க. முதல்ல இந்த மெத்தையத் தூக்குங்க!"

அன்றைக்கு வீட்டில் அவருக்குச் சோறே இறங்கவில்லை. ஒரு மாதமாகத் தலைவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் தன்னிடம் மூச்சு விடவில்லையே என்ற மனத்தாங்கல் ஒரு பக்கம். பெருமை ஒரு பக்கம்.

"கடைசியில நீயும் கை தட்டினே, பாத்தேன். அப்ப நீயும் எங்க ஆளு!"

"தட்டினேன், இல்லைங்கல. நம்பினேன்னு சொன்னேனா?"

மறுநாள் காலை தலைவர் நேரத்துக்கு வந்துவிட்டார். மெத்தையில் முட்டியதில் லேசாக மடங்கியிருந்த நம்பர் பிளேட்டை வருத்தத்தோடு தடவிப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தவர் ஆசையாக அவள் பக்கம் திரும்பினார்.

"நேத்துப் பேச்சு எப்படி இருந்துச்சு டீச்சரம்மா?"

"பேச்சு பிரமாதம்ங்க. ரிவர்ஸ் போடுங்க."