பரியாரியின் படலையில் நின்றவர்

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நான் வேலை செய்த காலத்தில், ஒரு மார்பை அகற்றியிருந்த அக்கா ஒருவர் உள்ளே வந்தார். மெலிந்த உடம்பு, வீங்கிய இடக்கையை எந்நேரமும் வலக்கையால் தாங்கியிருப்பார்.

"அக்குளுக்கு எப்பிடித் தம்பி பரவினது?"

"புற்றுநோய் ஒரு நொதியத்தைச் சுரக்கும், அக்கா. அது சுற்றியிருக்கிற புரதச் சுவரை அறுத்து வழியெடுக்கும்."

"எட்டு மாதமாய்ப் பச்சிலைப் பத்துப் போட்டு, கட்டி கரையுது எண்டான் எங்கடை ஊர்ப் பரியாரி. கரைஞ்சது என்ரை சுவர். நீர் சொன்னதை எழுதித் தாரும்."

எழுதிக் கொடுத்தேன். அக்கா அதைக் கொண்டுபோய், பரியாரி வீட்டுப் படலை வாசலில் நாள்தோறும் நின்று, கட்டியோடு வந்த பெண்களுக்கெல்லாம் அதை வாசித்துக் காட்டி, ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிட்டார். "ஆள் வராமல் உவன்ரை முற்றத்திலை புல்லு முளைக்க வேணும்" என்று என்னிடமே சொன்னார்.

ஒருநாள் வேறொரு பெண்ணைக் கூட்டிவந்தார். சின்னக் கட்டி, இன்னும் பரவவில்லை.

"ஆர் அக்கா இவ?"

"பரியாரியின்ரை பெண்சாதி. அவனுக்குச் சொல்லாமல் என்னட்டை வந்தவ. இவவைக் காப்பாத்துங்கோ தம்பி. இவ உயிரோடை அவன்ரை கண்முன்னாலை நெடுக நடந்து திரிய வேணும்."

பரியாரியின் மனைவி பிழைத்துக்கொண்டார். அக்கா அடுத்த மாரிக்கு முன்னரே இறந்துபோனார். செத்த வீட்டில் எல்லோரையும்விடக் குழறி அழுதவர் அந்த மனைவிதான்.