தோசைக்கல்லோடு வந்த சக்கரங்கள்

மவுண்டன் பைக்குக்கு மலிவான சக்கர ஜோடி வாங்கலாமா என்று யாராவது கேட்டால், வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நாங்கள் வாங்கினோம். சைக்கிள் ஓட்டவே தெரியாத எனக்கு இந்த விஷயத்தில் இத்தனை ஞானம் வந்ததற்கு என் வீட்டுக்காரர்தான் காரணம். காலையில் காப்பியோடும் ராத்திரி மீன் குழம்போடும் மாதக்கணக்கில் அதையே எனக்கு ஊட்டினார். ரிம் ஒற்றைச் சுவரா இரட்டைச் சுவரா, ஹப்புக்குள் இருப்பது உதிரிக் குண்டா அடைத்த பேரிங்கா, கம்பி துருப்பிடிக்குமா பிடிக்காதா, எல்லாம் எனக்கு அத்துப்படி. அலுவலகத்தில் பென்ஷன் பேப்பர் பார்க்கும்போதுகூட ரிம்மும் ஹப்பும்தான் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தன.

அவருக்கு அந்தமானில், ஹேடோ துறைமுகத்தில் வேலை. மெயின்லாண்டிலிருந்து வரும் சரக்கை இறக்கிச் சரிபார்க்கும் இடத்தில் இருக்கிறார். எங்கள் வீடு பத்துபஸ்தியில், விமானம் இறங்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும் தூரத்தில். போர்ட் பிளேரில் சமதளம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த ரன்வே மட்டும்தான். மீதியெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். அந்த ஏற்ற இறக்கத்தில் அவர் வருடக்கணக்காகச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தார். ஸ்கூட்டர் வாங்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், "ஸ்கூட்டர்ல போனா ஊரு தெரியாது" என்பார். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பார். இறக்கத்தில் காலைத் தூக்கிக்கொண்டு, நரை விழுந்த மனிதர் என்ற நினைப்பே இல்லாமல், விசிலடித்துக்கொண்டு வருவார். தெருமுனையில் விசில் கேட்டால் நான் டீக்கு அடுப்பைப் பற்றவைப்பேன்.

ஒருநாள் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இங்கே பார்த்துவிட்டு உடனே சென்னைக்கு அனுப்பினார்கள். ஸ்டென்ட் வைத்தார்கள். பெரம்பூரில் அவருடைய அக்கா வீட்டில் தங்கி எல்லா வைத்தியமும் நடந்தது. கடைசியாகப் பார்த்த டாக்டர், "இனிமே நடங்க, சைக்கிள் ஓட்டுங்க, பழைய மாதிரி இருங்க" என்றார். இவரும் நல்ல பிள்ளை போலத் தலையாட்டினார்.

ஊர் திரும்பியதும் எங்கள் வீட்டில் இன்னொரு ஆள் வந்து குடியேறியது போல் ஆகிவிட்டது. ஒரு வாளித் தண்ணீர் தூக்கமாட்டார். மாடிப்படி ஏறமாட்டார். வேலைக்கு ஆட்டோ. வீட்டில் இருந்தால் நாற்காலி. பேசிக்கொண்டிருக்கும்போதே வலது கை தானாக நெஞ்சுக்குப் போகும், முகம் வேறெங்கோ போய்விடும். உள்ளே நடப்பதை ஒட்டுக்கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள்; இந்தப் பூனைக்கு அடுப்பு நெஞ்சுக்குள்ளேயே இருந்தது. இந்த மனிதர் மறுபடியும் சைக்கிளில் ஏறுவாரா, இல்லை இப்படியே நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவாரா? அந்த வருடம் முழுக்க எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான். அவர் பிழைத்துவந்தது எனக்குப் பெரிய வரம். ஆனாலும் எனக்கு அந்த விசிலடிக்கிற ஆள் வேண்டும்.

சாக்கு ஒன்று கிடைத்தது அவருக்கு. நாங்கள் சென்னையில் இருந்த மாதங்களில் சைக்கிள் பின்கட்டில் தகரக் கொட்டகையில் மழையும் உப்புக் காற்றும் தின்றபடி நின்றிருந்தது. ரிம் முழுக்க வெள்ளைப் பொடி. கம்பிகள் செம்மண் நிறத்தில். ஒன்றை இவர் தொட்டுப் பார்த்தார், பட்டென்று ஒடிந்துவிட்டது. "சக்கரம் ரெண்டையும் மாத்தாம இதுல ஏற முடியாது" என்று அறிவித்தார். அது பொய்யில்லை. ஆனால் நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து ஆராய்ச்சி. போனில் வீடியோ, போனில் விலை, போனில் யாரோ முன்பின் தெரியாதவர்களின் அபிப்பிராயம்.

"மலிவா ஒண்ணு இருக்கு. ஆனா ஹப்பு பக்வாஸ், சுத்தக் குப்பை."

"அப்ப நல்லதா வாங்குங்க."

"நல்லதை வாங்கி நம்ம ஊரு உப்புக்குக் குடுக்கவா? ரெண்டு பர்சாத் மழை தாங்காது."

"அப்ப மலிவாவே வாங்குங்க."

"ஹப்பு பக்வாஸ்னு இப்பதானே சொன்னேன்?"

இந்தப் பேச்சு எத்தனை முறை நடந்திருக்கும் என்று கேட்காதீர்கள். நான் நடு அந்தமானில் ரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள். அங்கே பஸ்ஸுக்குக் காத்துக் காத்தே எல்லோருக்கும் பொறுமை வந்துவிடும் என்பார்கள். எனக்கு என்னவோ வரவில்லை. ஒருநாள் மத்தியானம் அலுவலகத்தில் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தவள், அப்படியே போனை எடுத்து, அவர் பக்வாஸ் என்று சொன்ன அதே மலிவான ஜோடியை ஆர்டர் போட்டுவிட்டேன். அதுகூட ஒரேயடியாக நடக்கவில்லை. எங்கள் பின்கோடைப் போட்டதும் இந்த இடத்துக்கு அனுப்ப முடியாது என்று வந்தது. தீவில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன அவமானம். பெரம்பூர் அக்கா முகவரியைப் போட்டேன். எங்கள் அடுத்த வீட்டுத் தெலுங்குக்காரர் கல்யாணத்துக்காக மெயின்லாண்ட் போயிருந்தார், கப்பலில் திரும்புவதாக இருந்தார். அவரிடம் கொடுத்துவிடச் சொல்லி அக்காவுக்கு, அதாவது என் அண்ணிக்கு, போன் போட்டேன்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வருகிற யாருடைய மூட்டையிலும் பாதி அடுத்தவர் சாமானாகத்தான் இருக்கும். யாரும் அதற்கு முகம் சுளிக்கமாட்டார்கள், நாளைக்கு அவர்களுக்கும் தேவைப்படும். அப்படிக் கடல் தாண்டிவருகிற பெட்டியில் வெற்றிடம் இருக்கக் கூடாது. வாளி அனுப்பினால் வாளிக்குள் புளி இருக்கும். குக்கர் அனுப்பினால் குக்கருக்குள் வடகம் இருக்கும். அண்ணி சென்னையில் வாழ்க்கைப்பட்டாலும் தீவில் பிறந்தவர். அவரிடம் போய் ஒரு பெரிய அட்டைப்பெட்டி, அதற்குள் இரண்டு சக்கரம், சக்கரத்தில் கம்பிக்குக் கம்பி அத்தனை இடைவெளி. அவருக்கு எப்படி மனசு வரும்?

கப்பல் வந்த அன்று இவர் ஹேடோவில் டியூட்டியில் இருந்தார். இறங்கிவந்த பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியை அங்கேயே இவர் தலையில் கட்டிவிட்டார். சாயங்காலம் என்னைப் பார்த்ததும், "பாபி, இஸ்மே சைக்கிள் ஹை யா பூரா கிச்சன்?" என்று தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். சைக்கிளா, முழுச் சமையல்கட்டா என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தேங்காய்நார்க் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய பெட்டியைப் பிரித்தோம். சின்ன வெங்காயம், பூண்டு, சாம்பார்ப் பொடி, கம்பிகளுக்கு இடையில் செருகிய முருங்கைக்காய்த் துண்டுகள். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், பழைய சேலையில் சுற்றி, ஒரு வார்ப்பிரும்புத் தோசைக்கல். அண்ணி வீட்டில் தங்கியிருந்தபோது அந்தக் கல்லை நான் புகழ்ந்திருந்தேன்.

அந்தப் பெட்டிக்கு மேல் கப்பலில் யார் எந்த மூட்டையை ஏற்றிவைத்தார்களோ தெரியாது. முன்சக்கரம் தப்பித்துவிட்டது. பின்சக்கரத்தை இவர் விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். அது கள் குடித்தவன் போல் இரண்டு பக்கமும் ஆடியது.

"கோட்டம்! புத்தம் புது ரிம்முல கோட்டம்! யாரைக் கேட்டு வாங்கின நீ?"

"யாரைக் கேக்கணும்? உங்களைக் கேட்டா அடுத்த ஜென்மத்துலதான் பதில் வரும்."

உடனே அக்காவுக்குப் போன் போட்டார். "ஏங்க்கா, சக்கரத்து மேல யாராச்சும் தோசைக்கல்லை வெப்பாங்களா?"

ஸ்பீக்கர் தேவைப்படாத குரல் அண்ணிக்கு. "பின்ன, காலியாவாடா அனுப்புவாங்க? எம்புட்டு எடம் கெடந்துச்சு தெரியுமா? அது கெடக்கு, கல்லு ஒடையாம வந்துச்சா, அதைச் சொல்லு."

கல் உடையாமல் வந்திருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவருக்குக் கோபத்தை அடக்க முடியவில்லை. "கபாடிவாலாகிட்ட பழைய இரும்புக்குப் போட்டுடலாம், விடுங்க" என்றேன். அப்படிச் சொன்னதும் அவருக்கு எங்கிருந்து ரோஷம் வந்ததோ, விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய், சைக்கிளை இரண்டு கையாலும் தூக்கி, தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தினார். ஒரு வாளி தண்ணீர் தூக்காத மனிதர். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அதன்பிறகு தினமும் வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கோட்டம் எடுக்க உட்கார்ந்துவிடுவார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் ரப்பரில் ரிம் எங்கே உரசுகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்பார். உரசுகிற இடத்தில் இந்தப் பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, அந்தப் பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் இறுக்குவார். திரும்பச் சுற்றுவார். ஓரிடத்தில் சரியானால் இன்னோரிடத்தில் உரசும். "மட்டமான சாமான், மட்டமான சாமான்" என்று திட்டுவார். கம்பி ஒவ்வொன்றும் ஒவ்வொரு இறுக்கத்தில் வந்திருக்கிறதாம், ரிம் வெண்ணெயாம், ஹப்புக்குள் கிரீஸ் பேருக்குத்தான் இருக்கிறதாம். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு கையும் சக்கரத்தில் இருந்ததால் நெஞ்சுக்குப் போகக் கை மிச்சமில்லை. ஒரு குறையும் இல்லாத உயர்ந்த சக்கரம் வந்திருந்தால் அதைத் துடைத்துச் சுவரில் சாத்திவைத்திருப்பார் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

ஒரு சாயங்காலம் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். டயர் மாட்டினார், காற்றடித்தார், துணியால் துடைத்தார். பிறகு உள்ளே வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. இப்போது சாக்கும் கிடையாது, சைக்கிளும் தயார், ஆளைத்தான் காணோம். எனக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. பயம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியை அணைத்துவிட்டு எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஏங்க, பயமா இருக்கா?"

அவர் ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா" என்றார். ஊர் திரும்பிய நாளிலிருந்து பயம் என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை. "ஏத்தத்துல நெஞ்சு வேகமா அடிக்கும்ல? அப்ப நின்னுபோச்சுன்னா?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன். "நீங்க தூங்கும்போது மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பாக்குறேன்." அதை அவரிடம் சொல்லவே கூடாது என்று வைத்திருந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நான் டீ போடப் போனேன்.

மறுநாள் காலை நான் உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது பின்கட்டில் சங்கிலிச் சத்தம். "முனை வரைக்கும் போயிட்டு வரேன்" என்று குரல் மட்டும் வந்தது. எட்டிப் பார்ப்பதற்குள் கேட் சாத்தியாயிற்று. முனைக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆகும்? உப்புமா இறங்கியது. அவர் வரவில்லை. போன் போட்டேன். டிவிக்குப் பக்கத்திலேயே மணி அடித்தது. காலை விமானம் இறங்கியது. நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். என் வாயில் வந்த சாமிகள் எல்லாம் மெயின்லாண்ட் சாமிகள், கடல் தாண்டிக் கேட்குமோ கேட்காதோ என்று சத்தமாகவே கூப்பிட்டேன்.

எங்கள் தெரு மெயின் ரோட்டை நோக்கிச் செங்குத்தாக இறங்கும். பாதி இறங்கும்போது கீழே திருப்பத்தில் அவர் தெரிந்தார். எழுந்து நின்று மிதித்து வந்தார். முகம் சிவந்து, சட்டை உடம்போடு ஒட்டி, ஒரு மிதிக்கும் அடுத்த மிதிக்கும் நடுவில் நின்றேவிடுவார் போல அத்தனை மெதுவாக.

"இறங்குங்க! இறங்கித் தள்ளிட்டு வாங்க!" என்று கத்தினேன்.

"இறங்க... மாட்டேன்... நீ... கூட வா."

அவர் மிதித்தார், நான் பக்கத்தில் நடந்தேன். நடக்கிற எனக்கு ஈடாகத்தான் சைக்கிள் வந்தது. அவர் மூச்சு எனக்குக் கேட்டது. பின்சக்கரம் எங்கோ கடகடவென்றது. பக்கத்து வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே கேட்டில் நின்று, "ஷாபாஷ், பாயி!" என்றார். வீட்டு வாசலில் காலை ஊன்றிய பிறகுதான் அவர் என் பக்கம் திரும்பினார். நடுத்தெரு, ஆள் பார்க்கிறார்கள் என்று எதுவும் பார்க்காமல் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

உள்ளே இடிஇடியென்று இடித்தது.

"இந்த அடியைத்தான் நான் ஒரு வருஷமாப் பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "பாதி ஏத்தத்துல வந்துருச்சு. நின்னுடும்னு நெனச்சேன். நிக்கல. அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே மேல கூட்டிட்டு வந்துருச்சு, பாரு."

போனை எடுத்துக்கொண்டு போனால் என்ன என்று திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. கையை எடுக்கப் போனேன், அவர் விடவில்லை. அந்தத் துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து வழக்கமான நடைக்கு வரும்வரை அப்படியே வாசலில் நின்றோம்.