அடியழிப்பும் அரைக் கப் சர்பத்தும்

போன வருடம் ஆடி மாதம், உடுவிலில் எங்கள் அம்மன் கோவில் தேர். மார்பகப் புற்றுநோய் சுகமானால் அடியழிப்பதாக அம்மா நேர்த்தி வைத்திருந்தார். தேருக்குப் பின்னால் விழுந்து கும்பிட்டு, எழுந்து, மறுபடி விழுந்து வீதியைச் சுற்றி வரவேண்டும். புற்றுநோய் போய்விட்டது, பழைய நீரிழிவு மட்டும் போகவில்லை. கிளினிக் டொக்டர் அடியழிக்கச் சம்மதித்தார், ஆனால் காலைச் சாப்பாட்டை விடவே கூடாது என்றார்.

கம்பஸில் படிக்கும் நான்தான் வீட்டில் அம்மாவின் இரத்தச் சீனிக்குப் பொறுப்பு. சீனி பார்க்கும் கருவியோடு, பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரிப் பக்கத்திலேயே நடந்தேன்.

தெற்கு வீதியில் அம்மாவின் கை நடுங்கியது. முகமெல்லாம் வியர்வை. விரலில் இருந்த மண்ணைக் கழுவிக் குத்திப் பார்த்தால், சீனி மிகவும் இறங்கியிருந்தது.

“காலமை சாப்பிட்டனீங்களோ?”

“நேர்த்திக்கு ஆர் பிள்ளை சாப்பிடுறது? ஆனா குளிசை போட்டனான். தவறவிடக் கூடாதெண்டு நீதானே நெடுகச் சொல்லுறனி!”

வெறும் வயிற்றில் சீனியை இறக்கும் குளிசை! குளிசையால் டொக்டரையும் விரதத்தால் அம்மனையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்திய பெருமை வேறு அம்மாவுக்கு. தண்ணீர்ப் பந்தலுக்கு ஓடிச் சர்பத் வாங்கி வந்தேன். அம்மா வாயை இறுக்கிக்கொண்டார்.

“அம்மாளாச்சி தந்த உயிர். விரதத்தை முறிக்கமாட்டன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது பின்னால் அடியழித்துக்கொண்டு வந்த ஒரு பெண், நெற்றியெல்லாம் மண்ணோடு எழுந்து வந்தார்.

“சீனி இறங்கிட்டுதோ? என்ரை மனுசனுக்கும் உப்பிடித்தான் நடுங்கும்.”

என் கையிலிருந்த கப்பைப் பறித்து, பாதியை ஒரே மூச்சில் குடித்தார்.

“அக்கா, விடியத் தொட்டு என்ரை பல்லிலையும் பச்சைத்தண்ணி படேல்லை. இப்ப என்ரை விரதமும் முறிஞ்சுது. மிச்சத்தைக் குடியுங்கோ. பிழையெண்டா அம்மாளாச்சி ரெண்டு பேருக்கும் சேர்த்து ஏசட்டும்!”

அம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு குடித்தார். குடித்துவிட்டு, “எத்தினை வருசத்துக்குப் பிறகு சர்பத்! இன்னொண்டு எடு பிள்ளை” என்றார்.

மூவரும் வேப்பமர நிழலில் குந்தினோம். வாழைப்பழமும் உள்ளே போனது. நான் திரும்பத் திரும்பக் குத்திப் பார்க்க, “இப்ப எத்தினையாம்?” என்று அந்தப் பெண் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிக் கேட்டுக்கொண்டேயிருந்தார். சீனி ஏறியதும் கைதட்டினார். மேற்கு வீதியில் இருவரும் தேரை எட்டிப் பிடித்து, பக்கத்தில் பக்கத்தில் விழுந்து எழும்பி, சிரித்துச் சிரித்தே நேர்த்தியை முடித்தார்கள்.

அவருடைய நேர்த்தி என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. அதற்கான விரதத்தை எங்களுக்காகப் பாதி வழியில் முறித்தாரே! இப்போதெல்லாம் அம்மாவைச் சாப்பிடச் சொல்லி நான் உறுக்குவதில்லை. குரக்கன் மாப் புட்டில் முதல் வாயை நானே சாப்பிட்டுவிட்டு அவரைப் பார்க்கிறேன், எந்தப் புத்திமதியையும்விட அது வேகமாக வேலை செய்கிறது.