மூன்றாவது மெஷின்

அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது எதை வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளட்டும். நிலத்தை, தையல் மெஷின்களை, டிரைவர்களைக்கூடப் பிரித்தார்கள். நெட்வொர்க்கைப் பிரிக்க என்னைக் கூப்பிட்டபோதே நான் லீவு போட்டுவிட்டு என் ஊர் மடத்துக்குளம் போய்ப் படுத்திருக்க வேண்டும்.

பல்லடம் பக்கத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். பெங்களூர் வேலையை உதறிவிட்டு, சொந்த ஊர்ப் பக்கம் இருக்கலாம் என்று வந்து சேர்ந்தேன். இதை விட்டால் என் படிப்புக்கு இந்தப் பக்கம் வேறு வேலை கிடைப்பது கஷ்டம். அது முதலாளிகள் இருவருக்கும் நன்றாகவே தெரியும்.

பெரியவரும் சின்னவரும் பேச்சை நிறுத்தியதும் கட்டடத்துக்கு நடுவில் ஒரு சுவர் எழும்பியது. ஆனால் வெளிநாட்டு ஆர்டர் பழைய பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. சீசன் முடியும்வரை இருவரும் சேர்ந்தே சரக்கு அனுப்பியாக வேண்டும். ஆகவே ஒரே கேபிள், ஒரே சுவிட்ச், ஆனால் ஒருவர் விவரம் மற்றவர் கண்ணில் படக் கூடாது. அதற்கு இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள் ஒன்று உண்டு. இருக்கிற கம்பிகளின் மேலேயே தனித்தனி நெட்வொர்க்குகளை அது உண்டாக்கிக் கொடுக்கும். எது எதோடு சேரலாம் என்று முடிவு செய்வது கன்ட்ரோலர் என்கிற மெஷின். சின்ன இடமென்றால் ஒன்று போதும், இல்லையென்றால் மூன்று வை என்கிறது அதன் கையேடு. மூன்றில் ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் மெஜாரிட்டி. இரண்டு மட்டும் இருந்தால், நடுவில் தொடர்பு அறுந்த உடனே எதற்கும் மெஜாரிட்டி இல்லாமல் இரண்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும்.

இதையெல்லாம் பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “மூனுங்களா? அப்ப ரெண்டு யாரு பக்கமுங்க?” என்றார்.

“யாரு பக்கம் இருந்தாலும் ஒன்னுதாங்ணா.”

“அதெப்படிங்க ஒன்னாகும்?”

சின்னவரும் அதையேதான் கேட்டார். நான் என்னமோ சொத்தில் அண்ணனுக்குக் கூடுதல் பங்கு எழுதச் சொன்ன மாதிரி என் முகத்தைப் பார்த்தார். அப்படியானால் ஒன்றே போதும் என்றேன். அது யார் பக்கம் என்றார்கள். மூன்றாவதைப் பொதுவாக உங்கள் அம்மா இருக்கிற வீட்டில் வைக்கலாம், காம்பவுண்டுக்குள்தானே இருக்கிறது என்றேன். “அம்மா எப்பவுமே அண்ணன் பக்கந்தானுங்க” என்று சின்னவர் சிரித்தார். “அம்மாளுக்கு அவன்தானுங்களே செல்லப்புள்ள” என்றார் பெரியவர். கடைசியில் ஆளுக்கு ஒன்று என்று முடிவானது. வேண்டாங்ணா, நின்றுவிடும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு ஷிப்மென்ட் நாளில் அது நின்றது. பெரியவர் பக்கம் தனிப் படிக்கட்டு கட்ட வந்த கொத்தனார் சுவரைக் குடைந்ததில், நடுவில் போகும் ஃபைபர் கேபிள் அறுந்தது. பேக்கிங்கில் பெட்டிகளை ஸ்கேன் செய்யும் கருவிகள் கொஞ்ச நேரம் ஓடின. பிறகு, கன்ட்ரோலர் இரண்டும் நின்றுவிட்டதால், அணைந்து மறுபடி எழுந்த கருவி எதையும் நெட்வொர்க் சேர்த்துக்கொள்ளவில்லை. சுவருக்கு இரண்டு பக்கமும் இதே கதி. “நெட் நஹி ஹை சார்” என்று, நெட் இல்லையென்று இந்தியில் சொல்லி பேக்கிங்கில் இருந்த வடநாட்டு ஆட்கள் கையை விரித்தார்கள். ஸ்கேன் ஆகாத பெட்டி லாரியில் ஏறாது, தூத்துக்குடியில் கப்பல் நமக்காக நிற்காது.

ஜன்னல் வழியாக ஒரு கேபிளை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் பாகப் பத்திரம் பதிகிறவரை சுவரைத் தாண்டிப் புதிதாக எதுவும் போகக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறாராம், இருவரின் வக்கீலும். சரி, ஒரு கன்ட்ரோலரை மட்டும் தலையாக்கித் தனியாக முடிவெடுக்க வைக்க ஒரு கட்டளை உண்டு, ஒரு பக்கமாவது ஓடட்டும் என்று இருவருக்கும் போன் செய்தேன். இரண்டையும் தனித்தனித் தலையாக்கினால் பிறகு சேராது, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து கட்ட வேண்டும் என்பதையும் சொன்னேன்.

“என்ற பக்கத்தத் தலையாக்குங்க” என்றார் பெரியவர். “அவன் பக்கத்த ஆக்குனீங்கன்னா நாளைக்கு நீங்க வர வேண்டாமுங்க.”

சின்னவரும் அதே மரியாதையோடு அதையே சொன்னார். நான் கீபோர்டு முன்னால் விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபைபர் ஒட்டும் ஆள் திருப்பூரிலிருந்து வந்து சேர்வதற்குள் சாயங்காலமாகிவிட்டது. கப்பலை விட்டுவிட்டோம். சரக்கு பல மடங்கு செலவில் விமானத்தில் போனது.

மறுநாள் காலையில் பெரியவர் சுவரைச் சுற்றிக்கொண்டு சின்னவர் அறைக்குப் போனார். சுவர் எழும்பிய பிறகு அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க, ரெண்டு வெச்சா நின்னுரும்னு தெரிஞ்சே எதுக்குங்க வெச்சீங்க?” என்று பெரியவர் கேட்டார்.

“நீங்க அழுத்திச் சொல்லியிருக்கோணுமில்லீங்க” என்றார் தம்பி.

“சொன்னனுங்ணா.”

“சொல்ற மாதிரி சொல்லலீங்க” என்றார் அண்ணன். தம்பி ஆமாம் என்று தலையாட்டினார். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுத்தான் என்னை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

கோயமுத்தூரிலிருந்து வந்த புது ஆள் மூன்று வேண்டும் என்றானாம். உடனே சரி என்று அம்மா வீட்டிலேயே மூன்றாவதை வைத்துவிட்டார்களாம். வெளியூர்க்காரன் சொன்னால்தான் எல்லாம் ஏறும். அருள்புரத்தில் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனேன். “அந்த ஷிப்மென்ட்ட நிறுத்துனவரு நீங்கதானுங்களா?” என்று கேட்டுவிட்டு, காபி கொடுத்து அனுப்பினார்கள்.

வீடு வந்து சேர்ந்தபோது போன் அடித்தது. முதலாளிகளின் அம்மா.

“கண்ணு, நேத்து ரெண்டு பேரும் எங்கூட்ல ஒன்னா உக்காந்து சோறு உண்டாங்க. எல்லாம் உன்னாலதான். நீ நல்லாருக்கோணும்.”

“எனக்கு வேலை போயிருச்சுங்கம்மா.”

“தெரியுங் கண்ணு. உனக்கு வேற வேலை கெடைக்கும். எனக்கு வேற பசங்க கெடைப்பாங்களா?”

நல்லதுங்கம்மா என்றேன். வயிறெரிந்துதான் சொன்னேன்.