நேராகப் போன கோடு

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஒன்பது பேர். கணினி வகுப்பு எடுக்கும் மிஸ். என்னோடு படித்த நான்கு பெண்கள். அதில் ஒருவர் தையல் கடைக்காரர், ஒருவர் மருந்துக்கடையில் வேலை, மற்ற இருவரும் அக்கா தங்கை. எங்கள் தறி செட்டு முதலாளி. அதே செட்டில் தறி ஓட்டுகிற இரண்டு பேர், ஒருவர் மூத்தவர், ஒருவர் இளையவர். ஒன்பதாவது ஆள் நான். வராத ஒருவரும் உண்டு. பேச்சு கடைசியில் அவரிடம்தான் போய் நின்றது.

செல்லூரில் ஆறு விசைத்தறி ஓடுகிற ஒரு செட்டில் நான் தறி நாடாவுக்கு நூல் சுற்றும் தார் வேலைக்காரி, கணக்கும் எழுதுகிறவள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்ததே பெரிது என்பதால், தப்பு வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. ஒரு எண்ணை எழுதிவிட்டு மூன்று தடவை பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கணினி வகுப்பில் சேர்ந்ததும் அந்தப் பயத்தால்தான். நோட்டில் எழுதுவதைக் கம்ப்யூட்டரில் போட்டால் கூட்டல் தப்பாது என்று யாரோ சொன்னார்கள். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் கூட்ட அறையில் ஞாயிறு மதியம் வகுப்பு. மிஸ் என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

வகுப்பு முடியும்போது ஆளுக்கு ஒரு படம் போட வேண்டும். நம் வாழ்க்கையிலிருந்தே எண்களை எடுத்து, அதைக் கோடாகவோ கட்டமாகவோ வரைந்து, எல்லார் முன்னாலும் விளக்க வேண்டும். தையல் கடை அக்கா ஜாக்கெட் கணக்கை எடுத்தார். நான் தறிக் கணக்கை எடுத்தேன். எனக்கு ஒரு காரணம் இருந்தது.

அந்தக் கோடையில் எங்கள் சந்தில் மின்மாற்றி அடிக்கடி படுத்துக்கொண்டது. தறி நின்றது, நெய்கிற துண்டு குறைந்தது. முதலாளி ஊருக்குள் கடை வைத்திருப்பவர். செட்டுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுக்க மட்டும்தான் வருவார். மற்ற நாளில் சாவியைக் காலையில் அவர் வீட்டில் வாங்கி, சாயங்காலம் திரும்பக் கொடுத்துவிடுவோம். அவருக்குத் தெரிந்தது மொத்தத் துண்டு குறைந்தது மட்டும். “வேலை ஒழுங்கா நடக்கல. வர்ற மாசத்துலருந்து கூலியக் கொறைக்கப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கரண்ட் போன நேரத்தையும் நான் நோட்டு ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். இரண்டையும் ஒரே படத்தில் காட்டினால் அவருக்குப் புரியும் என்று நினைத்து, அவரையும் தறிக்காரர்களையும் அன்றைக்கு வரச் சொல்லியிருந்தேன்.

முதலில் மொத்தத்துக்கு ஒரே கோடுதான் போட்டேன். மிஸ் பார்த்துவிட்டு, “நல்லாருக்குக்கா. ஆனா ஒருத்தருக்கு ஒரு கோடா பிரிச்சுக் காட்டுங்க. அப்பத்தான் எல்லாருக்கும் ஒரே நேரத்துல எறங்குதுன்னு அவரு நம்புவாரு” என்றார். சரியாகத்தான் சொன்னார். ஆளுக்கு இரண்டு தறி என்பதால், முதல் இரண்டு தறிக்குச் சிவப்பு, அடுத்த இரண்டுக்கு நீலம், ஐந்தாம் ஆறாம் தறிக்குப் பச்சை, கரண்ட் இல்லாத நேரத்துக்குச் சாம்பல் நிறப் பட்டை. ஒரு வாரம் முழுக்க எண்களைச் சரிபார்த்தேன். நோட்டில் உள்ளது ஒன்றுகூடத் தப்பவில்லை. நிறம் அடிக்கிறதோ, எழுத்து சிறுசோ என்று கவலைப்பட்டேன். புரொஜெக்டர் எரியாமல் போய்விடுமோ என்றுகூடக் கவலைப்பட்டேன். கவலைப்பட வேண்டியது கண்ணுக்கு முன்னால் பச்சையாகக் கிடந்தது. அது மட்டும் தட்டுப்படவில்லை.

ஐந்தாம் ஆறாம் தறிக்காரர், தறி ஓட்டும் மூவரிலும் வயதில் பெரியவர். கோடை தொடங்கியபோதே நெஞ்சு இழுப்பு வந்து படுத்துவிட்டார். பஞ்சுத் தூசு ஆகாது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் வராத ஆளின் தறி வேறு ஆளுக்குப் போய்விடும், அது முதலாளியின் சட்டம். தறி போனால், வீடு ஒத்திக்குப் பிடிக்க முதலாளியிடம் அவர் வாங்கியிருந்த அட்வான்ஸ் முழுவதையும் ஒரே தடவையில் எடுத்து வைக்க வேண்டும். தறி இருக்கும்வரை வாராவாரம் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். அதனால் மற்ற இரண்டு பேரும் அவர் தறியையும் சேர்த்து ஓட்டினார்கள். சாயங்காலம் துண்டை அடுக்கும்போது முதலில் நாற்பதை எண்ணி அவர் பக்கம் வைத்துவிட்டு, மிச்சத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். கரண்டே வராத நாளில் முந்தின நாள் ஒதுக்கி வைத்ததிலிருந்து நாற்பது. “அண்ணனுக்கு நாப்பது, எழுதுத்தா” என்பார்கள். எழுதுவேன். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அவர் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, முதலாளி போகும்வரை தறியைப் பிடித்தபடி நிற்பார். செட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயம் என்பதாலேயே, படம் போடும்போது அது என் நினைப்பில் தனியாக வந்து நிற்கவில்லை.

படம் சுவரில் விழுந்தது. முதலாளி நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இந்தச் சாம்பக் கலரு என்னத்தா?”

“கரண்ட் இல்லாத நேரம் முதலாளி.”

“இம்புட்டா?”

“ஆமா முதலாளி.”

பட்டைகளை விரலால் எண்ணினார். “அட, நான் இவிய்ங்க டீக்கடையில உக்காந்து கதையடிக்கிறாய்ங்கன்னுல்ல நெனச்சேன்.”

“டீக்கடைக்கு எங்க போக? பழைய பாக்கிக்கே அவன் எங்களப் பாத்தா கல்லாவ மூடுறான்” என்றார் இளையவர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. முதலாளியும் சிரித்துக்கொண்டே, “சரி சரி, கூலில கை வைக்கல, போதுமா?” என்றார்.

அதோடு மிஸ் புரொஜெக்டரை அணைத்திருக்கலாம். மருந்துக்கடைப் பெண் கைதட்டத் தொடங்கிவிட்டார். முதலாளி மட்டும் சுவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அந்தப் பச்சை யாரு?”

மூத்தவர் திரும்பி இளையவரைப் பார்த்தார்.

“அஞ்சும் ஆறும்” என்றேன்.

“செவப்பும் நீலமும் கரண்ட் போன அன்னைக்கெல்லாம் தரையில கெடக்கு. இவரு மட்டும் ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி போறாரே. இவரு தறிக்கு மட்டும் தனி லைனா?”

அக்கா தங்கை இருவரும் சிரித்துவிட்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? மிஸ் சந்தோஷமாக, “நல்ல கேள்வி சார். நோட்டுல எண்ணா இருந்தா இது நம்ம கண்ணுல பட்டிருக்காது. படம் போடுறதே இதுக்குத்தான்” என்றார்.

மூத்தவர் எழுந்தார். “அது... அண்ணன் ராத்திரி வந்து ஓட்டுவாரு முதலாளி. ராத்திரி கரண்ட் இருக்கும்ல.”

“ராத்திரி செட்டுச் சாவி என் வீட்டு ஆணியிலல்ல மாப்ள தொங்குது?”

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார், இவர்கள் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம். மிஸ்ஸின் முகம் வெளுத்துவிட்டது. படத்தை மூடப்போன என் விரல் வேறெங்கோ பட்டு, பச்சைக் கோடு சுவரில் இன்னும் பெரிதானது.

“என்ட்ட சொல்லியிருக்கலாம்ல?” என்று கேட்டார் முதலாளி.

“சொல்லியிருந்தா தறிய விட்டு வச்சிருப்பீங்களா?” என்றார் இளையவர்.

முதலாளி எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். “கூலியக் கொறைக்கலன்னு சொன்னது சொன்னதுதான். ஆனா சனிக்கிழமை சனிக்கிழமை வந்து நின்னு என்னையக் கேனையனாக்குன ஆளு எனக்கு வேணாம். அட்வான்ஸ எடுத்து வைக்கச் சொல்லுங்க.”

ஆக, நான் எதற்காகப் படம் போட்டேனோ அது நடந்துவிட்டது. மிஸ் எனக்குச் சான்றிதழும் கொடுத்தார். அதை வாங்கிய ஞாபகம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பைக்குள் இருந்தது.

திரும்பி வரும் வழியில் மூத்தவர்தான் முதலில் பேசினார். “முப்பத்தஞ்சு, நாப்பத்திமூணு, கரண்டு இல்லாதன்னைக்குப் பத்துன்னு மாத்தி மாத்திச் சொல்லித் தொலைச்சிருக்கணும். வருசையா நாப்பது, நாப்பதுன்னு...”

“கொறைச்சுச் சொன்னா அண்ணன் வீட்டுல கொறையுமேண்ணே” என்றார் இளையவர்.

ஐந்தாம் ஆறாம் தறிக்காரர் வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். போகும் வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று மனசுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். அங்கே போனதும் எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். இருமல் அடங்கும்வரை காத்திருந்து, “என் கோடு மட்டும் நேராப் போச்சா?” என்றார்.

“ஆமாண்ணே.”

“எனக்கு அது ஒண்ணுதான் நேராப் போயிருக்கு. விடுத்தா.”

அவர் மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதைக் குடிக்க என்னால் முடியவில்லை. ஒரே தடவையில் அவ்வளவு பணம் எடுத்து வைக்க அந்த வீட்டில் ஒன்றுமில்லை. மறுவாரம் ஒத்தி வீட்டைக் காலி செய்து, திரும்பி வந்த ஒத்திப் பணத்தில் பெரும்பகுதியை முதலாளியிடம் கட்டினார்கள். மிச்சத்துக்கு அவர் தவணை கொடுத்தார். அந்த வீட்டைவிடச் சின்னதாக, ஓடு வேய்ந்த ஒற்றை அறையில் இப்போது வாடகைக்கு இருக்கிறார்கள். அண்ணன் காலை பஸ்ஸில் சோழவந்தான் போய் வெற்றிலை வாங்கி வந்து, பாலத்துக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து விற்கிறார். வெற்றிலையில் தூசு இல்லை என்கிறார். மழை வந்தால் இழுப்பு வருகிறது. அவர் தறியை இப்போது புது ஆள் ஓட்டுகிறார், நல்ல மனுஷன்தான். ஆனாலும் “அஞ்சு, ஆறு” என்று எழுதும்போது என் பேனா கொஞ்சம் நிற்கிறது.

சனிக்கிழமை கூலி வாங்கியதும் மூத்தவரும் இளையவரும் அண்ணனின் பாக்கிக்கு ஆளுக்குக் கொஞ்சம் தருகிறார்கள். நானும் போடுகிறேன். அவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். அந்தக் கணக்கை நான் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை, கோடு எதுவும் வரையவில்லை. போன சனிக்கிழமை கட்டியதையும் கழித்துவிட்டு மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். முதலாளிக்கு இன்னும் தர வேண்டிய பாக்கி பதினேழாயிரத்து அறுநூறு ரூபாய்.