இடம் கிடைக்கும்வரை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ

அனுமதி ஆலோசனை மேசையில் இருப்பவரின் பிழைப்பு வானிலை அறிக்கை வாசிப்பவருடையதைப் போன்றது: சொன்னது நடந்தால் யாருக்கும் நினைவிருக்காது, நடக்காவிட்டால் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு காலத்தில், ஜெர்மனியின் ரூர் பகுதியில் நான் படித்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்தில், கிழமைக்கு இரண்டு பின்னேரம் அந்த மேசையில் மாணவ உதவியாளராக இருந்தேன். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அறைக்குள் போய் ஒளிந்துகொள்ளும் எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று அம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. கதவைத் திறந்து வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: கிடைக்குமா, கிடைக்காதா? நீங்களும் எப்போதாவது ஒரு கலியாண வீட்டில் சோற்றுத் தட்டும் கையுமாக நின்று அடுத்தவர் பிள்ளையின் புள்ளிக்குப் பலன் சொல்லியிருந்தால், என் நிலைமையை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

மூலையில் ஒரு கீறல்

என் மேலதிகாரி திருமதி கிறேமர் முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார். "கிடைக்கும்" என்று சொல்லக்கூடாது, "கிடைக்காது" என்றும் சொல்லக்கூடாது. போன வருடம் அந்தப் பாடத்துக்கு எந்தப் புள்ளியோடு வாசல் மூடியது என்று காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். வாயால் நான் அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை. கைதான் கேட்கவில்லை. வந்துபோகும் ஒவ்வொருவருடைய குறிப்புத் தாளின் மூலையிலும் பென்சிலால் சின்னதாக ஒரு கூட்டல் அடையாளமோ கழித்தல் அடையாளமோ போட்டு வைப்பேன். முடிவுகள் வந்த பிறகு சரிபார்ப்பேன்.

இரண்டாவது வருடத்தில் என் கணிப்புப் பிழைப்பது குறைந்துவிட்டது. புள்ளியை மட்டும் பார்த்து நான் கீறவில்லை. தாய் வாய் திறப்பதற்குள் தானே பதில் சொல்லும் பிள்ளை, விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தையும் வாசித்துவிட்டு வரும் பிள்ளை, பேனா கொண்டுவரும் பிள்ளை என்று எனக்கு வேறு கணக்குகள் இருந்தன. ஒருநாள் திருமதி கிறேமர் அந்தக் கீறல்களைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் கட்டு முழுவதையும் புரட்டிப் பார்த்தார், பட்டியலோடு ஒப்பிட்டார், கண்ணாடியைக் கழற்றினார். "இதை யாருக்கும் காட்டாதே. எனக்கு மட்டும் காட்டு."

வாய்க்கால் கரைக் கிளை அலுவலகம்

வாய்க்கால் கரையில் இருக்கும் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனால் அங்கேயும் எனக்கு மேசை போட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாத மேசை. அன்னதான வரிசையில் நின்றபோது, முன்பின் தெரியாத அக்கா ஒருவர் என் முழங்கையைப் பிடித்தார். "பிள்ளை, நீங்கள்தானே யூனியிலை சீற் குடுக்கிறது?" நான் கொடுப்பதில்லை, நிலைமையைச் சொல்வது மட்டும்தான் என்றேன். "சரி, அப்ப சொல்லுங்கோ." மகனுக்கு மூன்று தசம் ஒன்று, உளவியல் படிக்க ஆசை.

இங்கே ஒன்றுதான் உச்சம், நான்கு என்றால் தட்டுத்தடுமாறிப் பாஸ். உளவியல் ஒன்றரைக்குப் பக்கத்திலேயே வாசலை மூடிவிடும் பாடம். இதை நோகாமல் சொல்ல எனக்கு வரிசையில் பத்து ஆள் தூரம் பிடித்தது. அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைக் காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தார். "உங்களுக்கே சீற் தந்திருக்கினம், என்ரை பிள்ளைக்குத் தரமாட்டினமோ?"

பன்னிரண்டு சான்றிதழ்

அந்த மார்கழியில்தான் சிவநேசன் அண்ணை மகள் தாரணியோடு வந்தார். அண்ணைக்கு ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. தாரணிக்கு மருத்துவம் படிக்க வேண்டும். பள்ளியின் கடைசி வருடம், அதுவரை ஒன்று தசம் ஒன்பது. நல்ல புள்ளிதான். ஆனால் பொது வரிசையில் மருத்துவத்துக்கு அது போதாது. வருடக் கணக்காகக் காத்திருக்க வேண்டும். இன்னொரு வழி இருந்தது. இறுதிப் பரீட்சைக்கு முன்பே, புள்ளியோடு ஆளையும் பார்த்து முற்கூட்டியே இடம் கொடுக்கும் ஒரு சின்னப் பல்கலைக்கழகம். எடுப்பது கொஞ்சப் பேரைத்தான். தை முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

அண்ணை தடித்த கோப்பு ஒன்றை மேசையில் வைத்தார். தமிழ்ப் பாடசாலைச் சான்றிதழ்கள், பேச்சுப்போட்டி, பண்ணிசை, எல்லாம் பிளாஸ்ரிக் உறைக்குள். எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு. கடைசியில் நடன அரங்கேற்றப் படங்கள்: நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், முழு அலங்காரத்தில் தாரணி. பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்த திருமதி கிறேமர் என்னிடம் மெல்லக் கேட்டார்: "இந்தப் பிள்ளை மருத்துவம் படிக்கப் போகிறதா, மாப்பிள்ளை பார்க்கப் போகிறதா?"

நாவூறு

கோப்பில் இல்லாதது ஒன்றுதான்: பரிந்துரைக் கடிதம். பிள்ளையை நன்றாகத் தெரிந்த, உறவுக்காரர் அல்லாத ஒருவர் எழுத வேண்டும். வகுப்பாசிரியரைக் கேட்கலாம் என்றேன். அண்ணை கதிரையை முன்னுக்கு இழுத்து, அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான் என்றாலும், குரலைத் தாழ்த்தினார். போன வருடம் அவருடைய கூட்டாளி தன் மகன் மருத்துவம் படிக்கப் போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தாராம். இடம் கிடைக்கவில்லை. அந்த மனிசன் இப்போது கோயிலுக்கே வருவதில்லையாம்.

"நாலு பேர் வாயிலை விழுந்தால் நாவூறு பட்டுப்போகும், பிள்ளை. வாத்தியாரிட்டைப் படிக்கிற மற்றத் தமிழ்ப் பிள்ளையள் வீட்டை போய்ச் சொல்லிப்போடுவினம்." கடிதம் இல்லாத விண்ணப்பத்தைத் திறந்தும் பார்க்கமாட்டார்கள் என்றேன். தாரணி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூலையில் கழித்தல் போட்டேன். அண்ணை கோப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழும்பினார். "இடம் கிடைக்கட்டும், ஊருக்கே கேக் வெட்டிக் குடுப்பம். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

வாங்கில் நடந்த வைத்தியம்

அடுத்த கிழமை தாரணி தனியே வந்து வெளியே இருந்த வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தாள். கூப்பிடப் போனேன். அவள், இங்கே ஹண்டி என்று சொல்லும் கைத்தொலைபேசியைக் காதில் வைத்து, ஜெர்மனிலும் தமிழிலும் மாறிமாறிப் பேசிக்கொண்டிருந்தாள். "இல்லை அன்ரி, நோ இடப்பக்கமோ, கையுக்கும் இழுக்குதோ? வடிவாச் சொல்லுங்கோ, வெக்கப்படாதேங்கோ." அந்தப் பக்கத்தில் அன்ரியோடு வைத்தியரும் இருந்தார். இவள் மருந்தின் அளவைத் திருப்பிக் கேட்டாள், பழைய மருந்தை நிறுத்துவதா என்று கேட்டாள், அதை அன்ரிக்கு இரண்டு தரம் சொன்னாள், அன்ரியைத் திருப்பிச் சொல்லவும் வைத்தாள்.

பத்து வயதிலிருந்தே இப்படித்தானாம். பாஷை தெரியாத அன்ரிமார், மாமாமார், எல்லாருக்கும் அவள்தான் குடும்ப வைத்தியரிடம் கூடப் போகிறவள். பள்ளி இருந்தால் ஹண்டியில். அந்த வைத்தியர் அவளை எட்டு வருடமாகப் பார்க்கிறார். வாழ்க்கைக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். பண்ணிசை இருந்தது, பேச்சுப்போட்டி இருந்தது, இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். தாரணிக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அதை என்னெண்டு அக்கா எழுதிறது? அது வீட்டு அலுவல்தானே?"

நான் வாய் திறந்த நாள்

கழித்தலை அழித்துக் கூட்டலாக்கினேன். பிறகு, என் வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்காமலேயே ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். சொல்ல வேண்டியதைக் கடதாசியில் எழுதி வைத்து வாசித்தேன். "அண்ணை, அந்த வைத்தியர் எழுதினால் தாரணிக்குக் கிடைக்கும். எழுதாட்டில் கிடைக்காது. நாவூறு பட்டால் கழிக்கலாம், தை மாசம் முடிஞ்சால் ஒண்டும் செய்யேலாது."

திருமதி கிறேமரின் சட்டத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் உடைத்திருந்தேன். வைத்தியரின் காத்திருக்கும் அறையில் எப்போதும் அரைவாசி நம்மவர்கள்தான், அங்கே கேட்டால் ரகசியம் இருக்காது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கடைசியில் அண்ணை பெருமூச்சு விட்டார். "சரி, நீங்களே கூட்டிக்கொண்டு போங்கோ. நீங்கள் வாயே திறக்காத பிள்ளை எண்டெல்லோ எனக்குச் சொன்னவை!"

கை தூக்கியவர்கள்

நாங்கள் இருவரும் போனோம். தாரணி வைத்தியரின் அறைக்குள், கதவைச் சாத்திவிட்டு, குசுகுசுவென்று விஷயத்தைச் சொன்னாள். வைத்தியர் நரைத்த தலையும் உரத்த குரலும் கொண்ட பெண்மணி. நாவூறைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நேரே எழும்பிப் போய்க் காத்திருக்கும் அறைக் கதவை அகலத் திறந்தார். "தாரணி மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கிறாள். இவள் யார் யாருக்கு இங்கே மொழிபெயர்த்திருக்கிறாள்?" என்று எல்லாருக்கும் விளங்கும்படி, ஆறுதலாக, சொல் சொல்லாக, ஜெர்மனில் கேட்டார்.

தாரணி என் பின்னால் ஒளிந்தாள். நான் ஒளிய இடம் இருக்கவில்லை. ஒரு கை எழும்பியது. பிறகு இன்னொன்று. காலில் கட்டுப் போட்டிருந்த மாமா ஒருவர் ஊன்றுகோலையே தூக்கினார். ஒரு நிமிடத்தில் ஏழு கை, ரகசியம் முடிந்தது. வைத்தியர் "இதையும் எழுதுவேன்" என்று சொல்லித் தன் அறைக்குத் திரும்பினார். காத்திருந்த யாரும் நாவூறு வைத்த மாதிரித் தெரியவில்லை. மூலையில் இருந்த அன்ரி மட்டும் கையை இறக்க மறந்து, கலவரத்தோடு கேட்டார்: "அப்ப நீ படிக்கப் போனால், எங்களுக்கு ஆர் பிள்ளை டொக்டரிட்டைக் கதைக்கிறது?"

முடிவு வந்த கதை

விண்ணப்பம் வைத்தியரின் கடிதத்தோடு தை முடிய நான்கு நாள் இருக்கையில் போனது. பன்னிரண்டு சான்றிதழில் இரண்டு மட்டும் போனது. அலங்காரப் படங்கள் வீட்டில் தங்கின. மாசியில் தாரணியை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பங்குனி போனது, சித்திரை போனது. கேட்க எனக்கு வெட்கம். ஒவ்வொரு பின்னேரமும் மேசை லாச்சியைத் திறந்து அந்தக் கூட்டல் அடையாளத்தைப் பார்ப்பேன். அது சரி என்றுதான் எனக்குப் பட்டது, ஆனாலும் பார்ப்பேன்.

வைகாசியில் கதவு தட்டப்பட்டது. சிவநேசன் அண்ணை. கக்கத்தில் புதுக் கோப்பு, பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் இளைய மகள். "இவவுக்கும் இப்பவே ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்று கதிரையை இழுத்தார். நான் தயங்கித் தயங்கித் தாரணியைப் பற்றிக் கேட்டேன். அண்ணை என்னை விசித்திரமாகப் பார்த்தார். "பங்குனியிலேயே கிடைச்சிட்டுதே! டொக்டரிட்டை இருந்த சனம் கேக்கும் வெட்டிச் சாப்பிட்டிட்டுது, உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

இன்றும் யாராவது "கிடைக்குமோ?" என்று கேட்டால், அவர்களின் புள்ளியைப் பார்ப்பதற்கு முன், வீட்டு அலுவல் என்று எதையெல்லாம் எழுதாமல் விட்டீர்கள் என்று கேட்கிறேன், கூடவே கேக் வெட்டும் நாளைப் பற்றி எனக்கும் ஒரு வார்த்தை சொல்லும்படி எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன்.